விறகடுக்கில் ஒரு வெள்ளைப் பட்டை

உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தால் போதும், இன்றைக்கும் என் கால்கள் தாமாகவே தரையைவிட்டு எழும்புகின்றன. பாம்பு கொட்டாவி விட்டால் அந்த வாசனை வரும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். வெலிமடைக் கிழங்கு ஏறாத அடுப்பு பதுளைப் பக்கம் ஏது? எந்த வீட்டுப் பானை கொதித்தாலும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கம்பைத் தேடினோம். அப்படியே போயிற்று அந்த மழைக்காலம்.

தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எத்தனையோ வருடம் காத்திருந்து தரித்த பிள்ளை. அம்மா போய்விட்டாள். அம்மா இருந்தால் என்னென்ன செய்வாளோ அத்தனையும் நானும் மனைவியும் செய்வோம், பிள்ளை எங்கள் வீட்டில்தான் தொட்டில் ஏறும் என்று சம்பந்தி வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அவளை அழைத்து வந்தவன் நான். வந்த சில நாளிலேயே, கொல்லையில் கக்கூசுக்குப் போகிற வழியில், விறகடுக்குக்குள் ஒன்று நுழைவதை அவளே பார்த்தாள். கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டை.

மற்ற நாளாயிருந்தால் அடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, சாம்பலைச் சுற்றி நின்றுகொண்டுதான் அது என்ன பாம்பு என்று பேசத் தொடங்குவோம். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் பாம்பை அடிக்கக் கூடாது. கம்போடு ஓடிவந்த அடுத்த வீட்டுக்காரர் தங்கையின் வயிற்றைப் பார்த்ததும் கம்பை வேலியோரம் சாத்திவிட்டார். ஆக, உயிரோடு விட்டு அடையாளம் காண வேண்டிய பாம்பு என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். விறகைக் கலைத்தால் வீட்டுக்குள் வந்துவிடும் என்றாள் மனைவி. கலைக்காவிட்டால் அங்கேயே குடியிருக்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கட்டுவிரியனா, அதைப்போலவே வேஷம் கட்டித் திரியும் வெள்ளிக்கோல் வரையனா என்பதே கேள்வி. ஒன்று தூக்கத்தில், வலியே தெரியாமல் கடித்துக் கொன்றுவிடும். மற்றது பல்லி தின்று பிழைக்கிற சாது. பட்டை கழுத்தில் பளிச்சென்று தொடங்கி வாலை நோக்கி மங்கினால் சாது. கழுத்தில் மங்கி வாலை நோக்கித் தெளிந்தால் விரியன். இதையெல்லாம் பாம்புக்காரர்கள் கூடும் ஒரு போன் குழுவில் சேர்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு வாய்த்ததெல்லாம் நடு உடம்பு. கழுத்தை விறகு விழுங்கியிருக்கும், வாலை நிழல் விழுங்கியிருக்கும். அவசரத்தில் கலங்கலாக எடுத்த படத்தை அனுப்பினால் ஒருவர் விரியன் என்பார், ஒருவர் வரையன் என்பார், மூன்றாமவர் அது பாம்பே இல்லை, குழாய் என்பார். படம் வராத நாளில் வார்த்தையால் எழுதி அனுப்பினேன்: ஈரக் கரியின்மேல் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்குள் ஒரு மினுமினுப்பு. கவிதை வேண்டாம், தலையைக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. பத்தி பத்தியாக எழுதிப் பழகிய கைக்கு ஒரு கழுத்து அகப்படவில்லை. எரிச்சலில் போனை வீசலாம் போலிருந்தது. வீசினால் அதுவும் விறகடுக்குக்குள்தான் போய் விழும்.

அடுத்த வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தால் பாம்புக்குக் கண் மங்கிவிடுமாம்.

"அப்ப கண்ணு தெரியாம என் கால் மேலயே ஏறட்டும்ங்கிறீங்களா மாமா?" என்றாள் தங்கை. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய்கூட இல்லை. குடித்தால் கொல்லைக்குப் போக வேண்டுமே. நான் டார்ச்சோடு முன்னால் நடப்பேன், மனைவி தடியைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவாள், இருந்தும் அவள் வரமாட்டாள். கால் வீங்கிப்போய்க் கிளினிக்குக்குப் போனபோது மிட்வைஃப் என்னைத்தான் ஏசினார். தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டீர்களா என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வார முடிவில் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போக மச்சான் வந்துவிட்டார், சந்தைக்கு முட்டைக்கோவா மூட்டை ஏற்றுகிற வேனைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மனைவி மாற்றுப்புடவையையும் பிள்ளைக்கென்று தைத்த துணிகளையும் மடித்து வைத்தாள். அம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்ட உத்தரத்தில் நான் அடித்திருந்த கொக்கி வெறுமனே தொங்கியது.

பொறுக்க முடியவில்லை எனக்கு. கொல்லைக்குப் போய் மண்வெட்டிப் பிடியால் விறகை இழுத்து இழுத்துப் போட்டேன். இது ஏன் அன்றே செய்யத் தோன்றவில்லை? அடிக்கட்டை புரண்டதும், உடைந்த ஓட்டின்மேல், சுருண்டு கிடந்தது. முழுசாக. கழுத்தில் பளீரென்று வெள்ளைப் பட்டை, வாலை நோக்கி மங்கி மங்கி வெறும் பழுப்பு. படம் எடுத்தேன். தெளிவாக விழுந்தது. அனுப்பிய கையோடு பதில்கள் வந்தன, ஒரே குரலாக: வரையன், விஷமில்லை. பதிலைப் படித்து நிமிர்ந்தால் ஓடு மட்டும் கிடந்தது. பாம்பைக் காணோம். சமையலறைச் சுவர்ப்பக்கம் இருந்த செங்கல் இடுக்கைப் பார்த்தேன், பிறகு அதைப் பார்க்காதவன்போல் வாசலுக்கு ஓடினேன்.

வேன் உறுமிக்கொண்டிருந்தது. தங்கை முன் இருக்கையில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போனை ஜன்னலுக்குள் நீட்டினேன். விஷமில்லாததும்மா, எல்லாரும் சொல்லிட்டாங்க, இறங்கு என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிக் கழுத்திலிருந்து வால்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு போனை என் கையில் திருப்பி வைத்தாள்.

"என்ன பாம்புன்னு தெரிஞ்சிருச்சு, சரிண்ணே. இப்ப அது எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் இறங்கிர்றேன்."