ஷூ பெட்டி கம்ப்யூட்டரும் என் சட்டைப் பையும்

கம்மி விலையில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிறவனுக்கு ஸ்குரூடிரைவரைவிட அவசியமானது, பழி போட ஏதாவது ஒன்று. ஆள் கிடைத்தால் ஆள், கிடைக்காவிட்டால் எலி, வோல்டேஜ், வெயில். இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் கடையிலும் நடந்ததுதான். நான் எழுதுகிறேன், நீங்கள் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எலி

ஆம்பூரில் நானும் இம்தியாஸும் கூட்டாகக் கடை வைத்த புதிது. பள்ளிகொண்டாவில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பெரியவருக்குக் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர், போய்ச் சேர்ந்ததும் உயிரே காட்டவில்லை. ஓடிப்போய்த் திறந்தால், நான் சரியாக அழுத்தாமல் விட்ட ஒயர் ஆட்டோ குலுக்கலில் கழன்று தொங்குகிறது. முதுகைக் காட்டிக்கொண்டு அதைச் சொருகினேன். ஆன் ஆனது. "எலி இழுத்திருக்குது சார்" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் தானாக வந்துவிட்டது.

பெரியவர் கடையை ஒரு சுற்று பார்த்தார். அன்று சாயங்காலமே எலிப்பொறி வாங்கி வைத்தாராம். நான் கிளம்பும்போது சொன்னார்: "இருபது வருசத்துல இந்தக் கடையில ஒரு எலிய நான் பாத்ததில்ல. ஆனா படிச்ச புள்ள நீ சொல்ற, இருக்கும்பா."

அளவு

சுமதி அக்கா கடைக்கு வந்தபோது கையில் ஒரு காலி ஷூ பெட்டி. ஆம்பிளை பூட்ஸ் வைக்கிற பெரிய பெட்டி. "இந்த அளவுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வேணும் தம்பி. தையல் மிஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவுல இவ்ளோதான் எடம்" என்றார். கையில் இருந்த பணமும் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

அவருக்கு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலை. கம்பெனியில் பேட்டர்ன் ரூம் என்று ஒன்று உண்டு. ஷூவின் ஒவ்வொரு துண்டும் எந்த வடிவில் வெட்டப்பட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைகிற இடம். தையல் லைனில் இருப்பவர்களில் ஒருவரை அங்கே எடுக்கப் போகிறார்கள். சனிக்கிழமை ஒரு ஷூ படம் தருவார்கள், திங்கட்கிழமை பேட்டர்ன் வரைந்து கொண்டுவர வேண்டும். அக்கா ஷிப்ட் முடிந்து அங்கேயே நின்று பார்த்துப் பார்த்துப் பாதி கற்றிருந்தார். மீதிக்கு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

"பன்னெண்டு வருசமா அடுத்தவங்க வரைஞ்சதயே தெச்சினு இருக்கேன் தம்பி. நான் வரைஞ்சத ஒருவாட்டி யாராவது தைக்கட்டும்."

மூடாத மூடி

நம் பிழைப்பில் சின்னப் பெட்டி என்றால் பெரிய வேலை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கழற்றிய பிராசசர், யாரோ திருப்பிக் கொடுத்த போர்டு, எல்லாம் உட்கார்ந்துவிட்டன. பிராசசர் மேல் உட்காரும் கூலர் மட்டும் ஒரு விரல் உயரம் அதிகம். மூடி மூடவில்லை. சென்னையிலிருந்து குள்ளமான கூலர் ஒன்றை வரவழைத்தேன். நான் அதுவரை பார்க்காத கம்பெனி. சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் தடவி, கூலரை வைத்து, திருகி, மூடியை அழுத்தினேன். டிக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் கவனிக்கவில்லை. கடையில் அரைமணி நேரம் ஓடியது, எனக்கு அது போதுமாக இருந்தது.

இம்தியாஸுக்குப் போதவில்லை. "ஏசியில உக்காந்தா நானும்தான் நல்லா ஓடுவேன் தோஸ்த். அவங்க வீட்ல ஓடணும்ல?"

வெயில்

அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்த நாலாம் நாள் போன் வந்தது. கொஞ்ச நேரம் வரைந்தால் தானாக அணைந்துவிடுகிறதாம். போனேன். ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உள்ளே நுழைந்ததுமே எனக்கு வேர்த்துக் கொட்டியது. காரணம் கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மேலே கையைக் காட்டி, ஷீட் வீட்டில் கம்ப்யூட்டர் எப்படித் தாங்கும், காற்று வேண்டாமா என்று ஒரு பிரசங்கமே செய்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் நின்றுகொண்டு அவர்கள் கூரையைக் குறை சொன்னவன் நான்.

அக்கா தலை குனிந்து முந்தானையால் பெட்டியைத் துடைத்தார். "எங்க வீடு அப்பிடி. பாவம், அது இன்னா பண்ணும்?"

ஓட்டை

அடுத்த முறை போனபோது மேஜைக்கு மேலே சுவரில் இரண்டு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் கொத்தனார். என் பேச்சைக் கேட்டு அவரே இடித்திருக்கிறார். வாடகை வீடு. வீட்டு ஓனர் வந்து தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனாராம். காலி பண்ணும்போது அடைத்துத் தருவதாக அண்ணன் கும்பிட்டிருக்கிறார். அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, "இனிமே பரவால்ல" என்றேன்.

சேகர் அண்ணன் என் தோளில் கை வைத்தார். "கம்ப்யூட்டர் புண்ணியத்துல எங்களுக்கும் காத்து வருது சார். நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க."

டார்ச்

அந்தச் சனிக்கிழமையே ஷூ படம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் எத்தனை தடவை அணைந்தது என்று அக்கா எண்ணவில்லை. திங்கட்கிழமை பாதி பேட்டர்னோடு போனார். வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். இதை அவர் போனில் புகாராகக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு தேர்வு வரும், அதற்குள் சரி பண்ணித் தர முடியுமா என்றுதான் கேட்டார்.

அன்று அவர் வீட்டுக்குப் போய்த்தான் முதல்முறையாகக் கூலரைக் கழற்றினேன். மூலையில் வெளிச்சம் போதாமல் அக்கா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூலரின் அடியில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் பிலிம். மாட்டுவதற்கு முன் உரித்து எறிய வேண்டியது. நான் அதன் மேலேயே பேஸ்டைத் தடவித் திருகியிருக்கிறேன். பிராசசரின் சூடு கூலருக்குப் போகவே வழியில்லை. ஷீட்டும் இல்லை, வெயிலும் இல்லை. முழுக்க முழுக்க நான்தான்.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இருமுவது போல் குனிந்து, பிலிமை உரித்து, கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பேஸ்ட் காஞ்சுபோச்சுக்கா. வீட்டுச் சூடு அப்பிடி" என்றேன். புதுப் பேஸ்ட் தடவி மாட்டி, மூடியை மூடி, கடைசித் திருகையும் முடுக்கினேன். அக்கா டார்ச்சை அணைக்கவில்லை. வேலை முடிந்துவிட்ட பெட்டியின் மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாகக் கேட்டார்:

"லைட்டு போதுமா தம்பி?"

பல் விளக்கியது

கடைக்கு வந்ததும் இம்தியாஸ் என் சட்டைப் பையைப் பார்த்தான். வெள்ளையாகக் கறை பரவியிருந்தது. என்ன என்றான். டூத்பேஸ்ட் என்றேன். அவன் இரண்டு விரலால் பிலிமை வெளியே எடுத்து, கூலரின் அளவுக்கு அப்படியே மேஜையில் விரித்து வைத்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை. அவனுக்கு அந்த ஓட்டையும் தெரியும், பறிபோன வேலையும் தெரியும்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியா, இல்ல, அந்த சுவர நாளிக்கி நீயே போய் பூசப் போறியா?"

இன்னொன்று

நான் பூசவும் போகவில்லை, சொல்லவும் இல்லை. அந்தத் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அதன் பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை என்று சேகர் அண்ணன் போனில் சொல்லி, நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டிருந்தது போல வேறு எதையும் நான் கஷ்டப்பட்டுக் கேட்டதில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை. அடுத்த தேர்வில் பேட்டர்ன் ரூமுக்கு எடுத்துவிட்டார்கள். கூடவே லைனில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, அவள் கையிலும் ஒரு ஷூ பெட்டி. அதே அளவு கம்ப்யூட்டர் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னார்: "இவ வீடு எங்க வீட்டவிட சூடு தம்பி. மொதல்லயே பிலிம உரிச்சிட்டு வைங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பளபளக்கிற தோல் எல்லாம் மேலே பிலிம் ஒட்டித்தான் லைனுக்கு வரும், பன்னிரண்டு வருடமாக உரித்த கை, உரிக்கிற சத்தமே போதும் என்றார். அப்புறம் ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்றேன். தோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான் தம்பி, டார்ச்ச அணைக்காம நின்னுனு இருந்தேன்."

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, எங்கள் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.