கெப்: கிர்ஸி பிடிக்காத கயிறு

பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் வாட்டி என்ற நான். இன்று இந்தத் துறைமுகத்தில் நிற்கும் இரண்டு பெரிய படகுகள் என்னுடையவை. மேட்டுத் தெருக் கல்வீடும் யார் தயவிலும் வந்ததல்ல. ஒரு வார்த்தைக்குப் பொருள் சொல்ல எனக்கும் தெரியும்.

'கெப்' என்பது எங்கள் மீனவர் ஊர்ப் பேச்சு. காப்பதைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து பிரிந்த கிளை என்று அகராதியில் போட்டிருக்கிறது. விழுவதைக் கையில் ஏந்துவது கெப். கரைக்கு வீசும் கயிற்றைப் பிடிப்பது கெப். மிரண்டு ஓடும் ஆட்டை மடக்குவதும் கெப். வழியில் ஒருவருக்கு எதிர்ப்படுவதும் அதேதான். இன்றைய பிள்ளைகளுக்குப் பந்து பிடிப்பது மட்டும்தான் மிச்சம்.

இதற்கெல்லாம் எனக்குக் கிர்ஸியின் நினைவுதான் வரும். சின்ன வயதில் அவளைப்போலக் கயிறு பிடிக்க ஆண்களிலும் ஆளில்லை. புருஷன் நெஞ்சுநோயில் போனான். எக்கி என்று ஒரே மகன். ஒருநாள் விடியலில், கடலுக்குக் கிளம்பிய கோர்டி என்ற மீனவனுக்குச் சந்தில் எதிரே வந்துவிட்டாள். அன்று கோர்டியின் படகு திரும்பவில்லை. அவள் கால் ஆகாத கால் என்று ஊர் முடிவுகட்டியது. அவளைக் கண்டால் ஆண்கள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்கள். அவளும் அதை நம்பிவிட்டாள். படகுகள் போன பிறகே கதவைத் திறப்பாள். எங்கே போனாலும் குன்றின் பின்பாதைதான்.

எக்கி என் படகில் சேர்ந்தபோது என் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"வாட்டி, அவன் கெளம்புற நேரத்துல நான் வெளிய தலகாட்ட மாட்டேன். நீ பயப்படாத."

"என் படகு உன் காலுக்கெல்லாம் அசையாது. போய் அவனுக்குக் காலுறை பின்னு, போ," என்றேன்.

நவம்பரில் ஒரு பிற்பகல், வாடைக்காற்றில் துறை வாயிலுக்கே வந்த பிறகு எங்கள் இயந்திரம் நின்றுவிட்டது. கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கல்தூணில் சுற்றினால் பிழைத்தோம். ஊர் ஆட்கள் அப்போதுதான் தெருவிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். உப்புக் கொட்டகைக்குப் பின்னால் கிர்ஸி மட்டும் மறைந்து நின்றாள். படகின் முனையில் நின்ற எக்கி அவள் சால்வையைப் பார்த்துவிட்டான்.

"அம்மா, கெப்!" என்று கத்திக் கயிற்றை வீசினான்.

இரண்டடி வந்தாள். நின்றுவிட்டாள். கயிறு கல்லில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீசச் சாய்ந்தவனை அலை கொண்டுபோனது. மற்றவர்களான எங்களை மணலில் எறிந்தது.

"நான் எதுக்க வந்தா படகு போயிடும்னு நெனச்சேன், வாட்டி," என்று மட்டும் பிறகு சொன்னாள்.

சில நாளில் எக்கியின் உடல் கரை ஒதுங்கியது. எங்கள் ஊரில் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. சவப்பெட்டியை இறக்கும் கயிறுகளை ஆண்கள்தான் பிடிப்பார்கள். தகப்பன் இல்லாததால் தலைமாட்டுக் கயிற்றை எனக்கென்று ஒதுக்கினார்கள். நான் அவள் வீட்டுக்குப் போனேன்.

"தலைமாடு உன்னோடது. வா."

"வழியில ஆம்பளைங்க இருப்பாங்களே."

"இருக்கட்டும்."

பெட்டிக்கு முன்னால் அவளை நடக்க வைத்தேன். எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார்கள். யாரும் திரும்பிப் போகவில்லை.

படகுக் கயிற்றைச் சுற்றுவதுபோலக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். பெட்டி தரை தொட்டதும் எல்லோரும் கயிற்றைக் குழிக்குள் விட்டார்கள். அவள் விடவில்லை. கடைசியில் நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.