சாம்பல் அள்ள இருபது நிமிஷம்

போன திங்கட்கிழமை சிதம்பரம் போகவேண்டியிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஏழரை மணி பஸ். பெட்ரோல்தான் யுத்தத்துக்குப் போய்விட்டதே... நமக்குக் கரி வண்டி. முதுகில் ஓர் அடுப்பு, அதில் கரி, அந்தப் புகையில் ஓட்டம். ஓட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஏழு இருபதுக்கு டிரைவர் அடுப்பைத் திறந்து பார்த்தார்.

"சாம்பல் அடைச்சிருக்கு. இன்னும் சூடு ஏறல, இப்பவே அள்ளிடறேன். இருபது நிமிஷம் ஆவும்."

முன் சீட்டில் இருந்தவர் எழுந்துவிட்டார். பண்ருட்டி முந்திரி வியாபாரி. பக்கத்தில் பட்டுப்புடவையில் அவர் மகள். சிதம்பரம் கோயிலில் வைத்துப் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை ராணுவத்தில் கிளார்க். லீவு முடிந்து அன்றைக்குப் பதினோரு மணி ரயிலில் கிளம்புகிறார். பத்துக்குள் போய்ச் சேர வேண்டும் — இவ்வளவும் வியாபாரியே பஸ்ஸுக்குப் பொதுவாகச் சொன்னது.

"ஏழரைக்கு ராகுகாலம் பொறக்குதுப்பா. நல்ல காரியத்துக்குப் போறோம். இப்பவே எடு. சாம்பல அங்க போயி அள்ளிக்க."

"வண்டி நடுவுல நின்னுடுமுங்க ஐயா."

"அதெல்லாம் நிக்காது."

நிற்கும் என்கிறார் டிரைவர். நிற்காது என்கிறார் முந்திரி வியாபாரி. யார் பேச்சு எடுபடும்? பஸ் முழுவதும் வியாபாரி பக்கம். நானும் "எடுப்பா, எடு" என்றேன். எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்தப் பெண் மட்டும், "அவுரு சுத்தம் பண்ணட்டுமேப்பா" என்றாள். "நீ சும்மா இரு" என்று பதில் வந்தது.

ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். ராகுவை ஐந்து நிமிஷத்தில் ஜெயித்தாயிற்று.

ஆலப்பாக்கம் தாண்டி வண்டி இருமியது. புதுச்சத்திரம் வருவதற்குள் நின்றது. இப்போது அடுப்பு பழுக்கக் காய்ந்திருக்கிறது. ஆறினால்தான் திறக்கலாம், திறந்தால்தான் அள்ளலாம், அள்ளியபிறகு மறுபடி மூட்ட வேண்டும். காலையில் இருபது நிமிஷ வேலை, நடுரோட்டில் இரண்டு மணி நேரம். டிரைவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு உறைத்தது.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். நாங்கள் ஆக்கப் பொறுக்கவில்லை. ஆறுவதற்கு மட்டும் பொறுத்தோம் — வேறு வழி? வீட்டிலும் இதேதான். உளுந்தை அரைகுறையாக ஊறப்போட்டுவிட்டு, ஆட்டுக்கல்லோடு அரைநாள் மல்லுக்கட்டுகிறோம்.

சிதம்பரம் சேரும்போது பதினொன்றரை. மனசு கேட்காமல் நானும் அவர்களோடு கோயிலுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் பத்தரை வரை வாசலில் நின்றுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாகப் பூக்காரர் சொன்னார். அடுத்த லீவு எப்போது? யுத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

வியாபாரி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, ராகுகாலத்துல கெளம்பல. கெளம்பியிருந்தா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ."

பெண் பட்டுப்புடவையில் படிந்திருந்த கரித்தூளைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு, திரும்பவும் அதே வண்டி, அதே டிரைவர். அடுப்பைத் திறந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. புதிதாக ஏறிய ஒருவர்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "என்னாப்பா, எடு, நேரமாவுதில்ல?" என்றார்.

அந்தப் பெண் திரும்பினாள்.

"அவசரம்னா நீங்க நடந்து போங்க மாமா."