ஒரே பதிலுக்கு இரண்டு விதமான மார்க்

1996-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம். கோலார் தங்கவயலில், ஊரிகம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஆங்கில வழிப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் முடிந்து ஏழாவது நடந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் ஒரு முடிவு எடுத்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்த எழுபது பிள்ளைகளையும் மார்க் வரிசைப்படி பிரித்து, முதல் முப்பத்தைந்து பேரை ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவில் போடுவது. அவர்களுக்குத்தான் நன்றாகக் கணக்கு நடத்தும் ஆசிரியர், மாலை ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம். மீதிப் பேர் 'பி'. எந்த மார்க்கை எப்படிச் சேர்த்து வரிசைப்படுத்துவது என்று திட்டம் போடும் வேலையைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் பாரபட்சம் இல்லாம செய்வீங்க" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து போட்டேன். ஆண்டுப் பரீட்சைக்கு எழுபது, மாதத் தேர்வுகளுக்கு இருபது, வகுப்பில் நடந்துகொள்ளும் விதத்துக்குப் பத்து. ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, சிவப்பு மையில் தலைப்பு எழுதினேன். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று பரீட்சைப் பேப்பர்களையே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று.

மூன்றாம் நாள் மதியம், சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்த கையோடு ஒருவர் வந்தார். தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. குளித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். அவர் மகள் என் வகுப்பில் வாயாடி. பின்னால் திரும்பிப் பேசாமல் அவளால் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது. பட்டியலில் அவள் 'பி'யில் இருந்தாள்.

அவர் ஒரு துணிப்பையிலிருந்து இரண்டு பேப்பர்களை எடுத்து என் மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவர் மகளுடையது. இன்னொன்று பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணுடையது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பவர்கள்.

"டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா இந்தக் கேள்விக்கு ரெண்டு பொண்ணுங்களும் எழுதினத எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்தேன். ஒரே மாதிரிதான் கீது. அதுக்கு நாலரை, இதுக்கு ரெண்டரை. இன்னா வித்தியாசம்னு சொன்னீங்கன்னா எம்பொண்ணுகிட்ட சொல்லித் திருத்திக்கச் சொல்வேன்."

மண் அரிப்பைத் தடுப்பது எப்படி என்ற ஐந்து மார்க் கேள்வி. படித்துப் பார்த்தேன். இருவரும் ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதியிருந்தார்கள். கமா கூட மாறவில்லை. ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "கையெழுத்து சரியில்லீங்க, அதுக்குத்தான் குறைச்சேன்" என்றேன். அதோடு நிறுத்தாமல், "எல்லாப் பேப்பரையும் நான் ஒருத்தியேதான் திருத்தினேன். ஆளுக்கொரு நியாயம் பார்க்கிறவ இல்லை நான்" என்று வேறு சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு மைன்ஸ்ல சாம்பிள் எடுக்கிற வேலைங்க. கல்ல ஒடச்சி பையில போட்டு, வெறும் நம்பர் மட்டும் போட்டு அனுப்புவோம். சுரங்கத்துல எந்த லெவல் கல்லுன்னு டெஸ்ட் பண்றவருக்குத் தெரியாது. நல்ல எடத்துக் கல்லுன்னு தெரிஞ்சா, தங்கம் ஜாஸ்தி வரும்னு மனசு நெனச்சிக்கும் இல்லிங்களா? நடுநடுவுல ஒரே கல்லயே ரெண்டு பையில போட்டும் அனுப்புவாங்க. ரெண்டும் வேற வேறயா வந்துச்சின்னா, மறுபடியும் டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க. பேப்பருக்கும் அப்படித்தான் எதனா இருக்கும்னு நெனச்சேன். சரிங்க, கையெழுத்துன்னா நான் அவகிட்ட சொல்லிடறேன்."

பேப்பர்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எனக்கு வேலை ஓடவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால்கூட நான் என்னைத் தற்காத்துக்கொண்டிருப்பேன். அவர் நம்பிவிட்டுப் போனதுதான் உறுத்தியது.

மறுநாள், கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்திருந்த பேப்பர்களில் இருபதை எடுத்தேன். நான் மார்க்கை இடது ஓரத்தில் மட்டும்தான் போடுவேன். அந்த ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்தினேன். பெயர் இருந்த இடத்தில் காகிதம் ஒட்டி ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். எட்டாம் வகுப்புப் பக்கமே வராத ஒரு கன்னட ஆசிரியையிடம், விடைக் குறிப்பையும் கொடுத்து, பென்சிலால் திருத்தித் தரும்படி கேட்டுக்கொண்டேன். என்ன ஏது என்று கேட்காமல் அவர் திருத்திக் கொடுத்தார்.

குண்டூசிகளைக் கழற்றி ஒத்துப் பார்த்தேன். நான் ஒன்றிரண்டு மார்க் கூடுதலாகப் போட்டிருந்ததெல்லாம் அமைதியான பிள்ளைகளுக்கு. குறைத்துப் போட்டிருந்ததெல்லாம் பேசுகிறவர்கள், தாமதமாக வருகிறவர்கள், ஒரு முறை என்னை எதிர்த்துக் கேட்ட ஒரு பையன். வேண்டுமென்று செய்யவில்லை, பெயரைப் படித்ததுமே கை அப்படிப் போயிருக்கிறது. அது போதாதென்று நடத்தைக்குப் பத்து மார்க் வேறு. அவர்கள் பேசியதற்கு நான் இரண்டு தடவை தண்டனை கொடுத்திருந்தேன்.

தலைமையாசிரியையிடம் போய்ப் பட்டியலை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஒட்டின பட்டியலை எடுத்தா ஊரே கேக்கும். உங்க பேருதாம்மா கெடும்" என்றார்.

"கெடட்டும் மேடம். நான் தப்பாப் போட்டிருக்கேன்" என்றேன். இருபது பேப்பர்களையும் அவர் முன்னால் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எழுந்து போய் அவரே பட்டியலைக் கழற்றினார்.

லீவு விட்ட பிறகும் பத்து நாள் எல்லோரும் பள்ளிக்கு வந்தோம். எல்லாப் பாடங்களும், பெயரையும் பழைய மார்க்கையும் மறைத்து, எண் போட்டு, இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். இருவருக்கும் அதிகம் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். நடத்தைக்கான பத்து மார்க்கை எடுத்துவிட்டோம். சக ஆசிரியைகள் என்னை வாய்விட்டே திட்டினார்கள். ஊருக்குப் போகப் பெட்டி கட்டியிருந்தவர்கள் அவர்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்?

புதுப் பட்டியலில் ஏழு பேர் இடம் மாறினார்கள். ஆனால் அந்தப் பெண் மாறவில்லை. முன்பு ஒன்பது இடம் தள்ளியிருந்தவள், இப்போது முப்பத்தாறாவதாக வந்திருந்தாள். ஒரே ஓர் இடம். கணக்கில் அவள் நிஜமாகவே பின்தங்கியிருந்தாள். அவளை மட்டும் எப்படியாவது தூக்கிவிடலாமா என்று ஒரு கணம் மனம் அலைந்தது. அப்படிச் செய்தால் பத்து நாள் பட்ட பாட்டுக்கு அர்த்தம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

பட்டியல் ஒட்டுவதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் அந்தப் பெண் உட்கார்ந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நாலுகோடு நோட்டில் ஏ, பி, சி, டி எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மிஸ், இங்க வந்துட்டீங்க?" என்று துள்ளி எழுந்தவள், நோட்டை என்னிடம் நீட்டினாள். "கையெழுத்து நல்லால்லன்னு நீங்க சொன்னீங்கன்னு அப்பா வாங்கிக் குடுத்தாரு மிஸ். டெய்லி நாலு பக்கம். இப்ப பாருங்க, நல்லா கீதா?"

நோட்டில் பாதி தீர்ந்திருந்தது. அவள் கையெழுத்தில் முதலிலிருந்தே ஒரு குறையும் இல்லை.

அவள் அப்பா வெளியே வந்தார். இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: "உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். மார்க்கைத் தப்பாப் போட்டுட்டு, அதை மறைக்கச் சொன்ன பொய்." பேர் மறைத்துத் திருத்தியதையும், அவள் முப்பத்தாறாவதாக வந்ததையும் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "அப்ப பாதி நோட்டு சும்மாவா எழுதினேன்?" என்றாள். அழுகை அல்ல, கோபம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் கேட்டது ஒன்றுதான். "நம்பர் போட்டுத்தானே பாத்தீங்க?"

"ஆமாங்க. ரெண்டு பேரு பார்த்தாங்க. நான் பார்க்கலை."

"அப்ப அவ கணக்குலதான் வீக்கு. உள்ளத சொல்லிட்டீங்க. உள்ள வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அந்த வருஷம் 'பி' பிரிவுக்கு நானே வகுப்பாசிரியையாக இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பிரிவு மாறலாம் என்று ஒரு வழியையும் சேர்த்தோம். அப்போது 'ஏ'க்குப் போன ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. அங்கேயும் பேச்சு குறையவில்லை என்று எனக்குப் புகார் வந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை பார்த்த காலம் முழுவதும் பெயரைப் பார்த்து ஒரு பேப்பர்கூட நான் திருத்தியதில்லை. ஆனாலும், அந்த மனிதரைப் போல யாரும் இரண்டு பேப்பரை எடுத்து வந்து என் முன்னால் வைக்காத அந்த முதல் ஆறு வருஷத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு என்ன செய்தேனோ, அதை இனி ஒத்துப் பார்க்க என்னிடம் எந்தப் பேப்பரும் இல்லை.