பாம்பன் கரையில் ஒரு கேள்வித்தாள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் மகள் பூரணமும் முதுகுளத்தூரில் பஸ் ஏறினோம். 1961, மாசி மாதம். இராமநாதபுரம் சுமார் முப்பது மைல். தலைக்கு ஒரு ரூபாய் இருபது நயா பைசா. அங்கிருந்து பாம்பனுக்கு ரயில். மண்டபம் தாண்டியதும் வண்டி கடலின் மேல் ஊர்ந்தது. பாலம் ஒன்றேகால் மைல் என்றார் எதிரே இருந்தவர். அவ்வளவு தூரமும் நான் ஜன்னல் கம்பியை விடவில்லை. பூரணம் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தாள்.

அவள் சென்னையில் எம்.ஏ. புள்ளியியல் படிக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டுக்கென இரண்டு பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். மூத்தவர் வெள்ளைக்காரர், இளையவர் வங்காளி. மனிதர் எதை எதிர்பார்க்கிறார்கள், அதற்கேற்ப எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை எண்களால் அளப்பது அவர்கள் துறை. பாம்பன் தென்கரையில் ஒரு மாதம் மீனவரிடையே வேலை. உதவிக்கு மாணவர்களில் இவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெண்பிள்ளை ஆதலால் வீட்டார் சம்மதக் கடிதம் வேண்டும். என் கணவர் எழுதிய கடிதம் என் பையில் இருந்தது: 'தாயார் உடன் தங்கும் நாள் வரை மட்டும் சம்மதம்.' அதற்காகவே நான் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

அன்று மாலை பூரணம், மீனவரிடம் கேட்கவேண்டிய கேள்வித்தாளைக் காட்டினாள். பேராசிரியர்களின் ஆங்கிலக் கேள்விகளை அவளே தமிழில் எழுதியிருந்தாள். நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

செவ்வாய் விடியற்காலை ஐந்து மணி. எட்டு வள்ளங்களை ஆண்கள் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர்கள் பின்னால் நிற்க, பூரணம் முதல் வள்ளத்தின் அருகே போய் முதல் கேள்வியைப் படித்தாள். இன்று எங்கே போகிறீர்கள், எவ்வளவு மீன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ஒருவர் கையிலிருந்த துடுப்பை அவள் காலடி மணலில் போட்டார். எட்டு வள்ளங்களும் திரும்ப மேட்டுக்கு ஏறின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஒருவர் படியிறங்கும்போது எங்கே போகிறாய் என்று யாரும் வாய் திறக்கமாட்டோம். பிழை திருத்திய எனக்கு அந்தக் கேள்வி கண்ணில் படவேயில்லை. இதை எழுதும்போதும் அந்தத் துடுப்பு விழுந்த சத்தம் காதில் கேட்கிறது.

"வெள்ளைக்காரரு கேட்டுப்புட்டாரு, இன்னிக்கு மீனுக்கு லீவுடா" என்று ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வள்ளத்தின் சொந்தக்காரரை இங்கே சம்மாட்டி என்கிறார்கள். பதினோரு மணிக்குச் சூசை சம்மாட்டி வீட்டு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நான் பூரணத்தின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"ஏத்தா, உங்கூருல விதைக்கப் போறவன மறிச்சு, எம்புட்டு வெளையும்னு கேப்பீகளோ?" என்றார் சம்மாட்டி.

"கேக்க மாட்டோம்யா. பேப்பர எழுதுனதும் நான்தான், கேட்டதும் நான்தான். அவுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், படிச்ச நெனப்புல மறந்துட்டேன். தப்பு என்னோடது."

சம்மாட்டியின் மனைவி செபஸ்தியம்மா குறுக்கிட்டாள். "ஆம்பளைகிட்ட ஏன் கேக்குற? நாங்க எத்தன கூடை எடுத்துக்கிட்டுக் கரைக்கு வாரோம்னு பாரு. வீட்டுல அவுக பேசுறத வச்சுத்தான் எடுப்போம். மீன்பாடு நல்லாருக்கும்னா நாலு, இல்லேன்னா ஒண்ணு."

பூரணத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிற்பகலில் அவள் பேராசிரியர்களிடம் நின்றபடியே ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. கேள்வியே வேண்டாம், பெண்கள் கொண்டுவரும் கூடைகளை எண்ணுவோம். வாயால் சொல்வதைவிடக் கை செய்வது நம்பகமானது, அதுதானே நமது துறை என்றாள். மற்றக் கடற்கரைகளிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம், மாற்றினால் ஒப்பிட முடியாது என்றார் இளையவர். அங்கெல்லாம் பதில் வந்தது, இங்கே வள்ளமே போகவில்லை என்று இவள் விடவில்லை. மூத்தவர் பென்சிலை எடுத்து முதல் கேள்வியைக் குறுக்கே அடித்தார்.

புதன்கிழமை எட்டு வள்ளங்களும் போயின. கரையில் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு மேல் பெண்கள் கூடையோடு வந்தார்கள். பூரணம் மணலில் உட்கார்ந்து குறித்துக்கொண்டாள். நண்பகலில் வள்ளங்கள் திரும்பின. செபஸ்தியம்மா நான்கு கூடை கொண்டுவந்திருந்தாள், இரண்டுதான் நிறைந்தன. "இதையும் எழுதிக்க, எங்க வீட்டுக்காரரு எப்பவும் கூடத்தான் சொல்லுவாரு" என்றாள். சம்மாட்டிகூடச் சிரித்துவிட்டார்.

அன்று மாலை மூத்த பேராசிரியர் என்னிடம் வந்து, உங்கள் பெண் எங்களைத் திருத்தினாள் என்று மெதுவான ஆங்கிலத்தில், எனக்குப் புரியும்படி சொன்னார். நான் படித்த காலத்தில் எங்கள் பக்கம் பெண்ணுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு மேல் கிடையாது. அவர் முன்னால் அழக்கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டேன்.

வியாழன் காலை என் கணவரின் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். 'தாயார் உடன் தங்கும் நாள் வரை மட்டும்' என்ற சொற்களை அடித்துவிட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பூரணம் அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

"வீட்டுல அய்யா கேட்டா என்னம்மா சொல்லுவீக?"

"நடந்தத சொல்லுவேன். நீ கஞ்சி குடிக்காம வெயில்ல ஒக்காராத."

எனக்குப் பயம் போய்விடவில்லை. கடல் கடலாகத்தான் இருக்கிறது, அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான். பாம்பன் ஸ்டேஷனில் இராமநாதபுரத்துக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினேன்.