இரண்டாவது கயிறு

உயரமான கட்டிடங்களின் கண்ணாடியை வெளியே தொங்கிக்கொண்டு துடைப்பவன் நான். பெரிய தைரியசாலி என்று நினைப்பீர்கள். கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில் மேல் ஏறி நிற்பது யார் என்று என் மனைவியைக் கேளுங்கள், விலாவாரியாகச் சொல்வாள்.

எங்கள் தொழிலில் ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று நம் பாரத்தைத் தாங்கும். மற்றது தளர்வாகச் சும்மா கூடவே வரும்; முதலாவது அறுந்தால்தான் அதற்கு வேலை. இறங்குமுன் இரண்டையும் இழுத்துப் பார்ப்பது வழக்கம். மற்றவர்கள் ஒரு தடவை இழுப்பார்கள், நான் இழுத்துக்கொண்டே இருப்பேன். மொட்டைமாடியில் நின்று என் கயிறுகளைக் கவனித்துக்கொள்பவன் மனைவியின் தம்பி. கட்டிடமே கழன்று வந்துவிடப்போகிறது மாமா என்பான்.

கடவுளிடமும் இதே கதைதான். கும்பிட்டு முடித்த கையோடு, இருக்கிறாரா என்று ஓர் இழுப்பு. பஸ் உடனே வந்தால் இருக்கிறார், தாமதமானால் சந்தேகம். இந்த லட்சணத்தில் எனக்குப் பக்திமான் என்று பெயர் வேறு.

மனைவியின் இதயத்தில் வால்வு பழுது, அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இல்லாமல் என்னால் ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது. அவள் பிழைப்பாள் என்று ஒரு அடையாளம் காட்டச் சொல்லிக் கடவுளை நச்சரித்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

அறுவை சிகிச்சை அன்று காலை அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பழக்கதோஷம், என் கை வண்டியின் கம்பியை இழுத்துப் பார்த்தது. அடுத்து, மருந்து இறங்கும் குழாயை. நர்ஸ் என் கையில் ஒரு அடி போட்டாள். படுத்திருந்தவள் சிரித்துவிட்டாள்.

"சாமி ஒண்ணுமே சொல்லலடி" என்று முனகினேன்.

"ரெண்டாவது கயிறு எப்பங்க இறுகும்?"

"விழுந்தா."

"அப்ப தளர்வா இருக்குதேன்னு எதுக்கு அழறீங்க?"

கூட வந்திருந்த தம்பியைக் குனியச் சொல்லி அவன் காதில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்த வராந்தாவில் நான் போட்ட நடைக்குக் கணக்கே கிடையாது. மைத்துனன் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். வாலா நீ, போய் உட்காருடா என்று எரிந்து விழுந்தேன். அவன் நகரவில்லை. இப்படிக் கைவிட்டுவிட்டாயே என்று கடவுளோடு மனதுக்குள் ஒரே சண்டை.

கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார் என்றார் டாக்டர். கெட்ட செய்தி வந்தால் விறைத்துக்கொண்டு நிற்பது எப்படி என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நல்ல செய்திக்கு ஒத்திகை இல்லை. முழங்கால் இரண்டும் மடங்கின.

ஆனால் தரை வரவில்லை. இடுப்பில் ஏதோ இறுகி என்னை நிறுத்தியிருந்தது. திரும்பினால், மைத்துனனின் விரல்கள் என் பெல்ட்டுக்குள் பின்பக்கமாகக் கோத்திருந்தன.

"எப்பலேருந்துடா?"

"அக்கா உள்ள போனதுலேருந்து, மாமா. 'உங்க மாமா எப்படியும் விழுவாரு, பெல்ட்ட மட்டும் விட்டுடாத'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்த மகாபுத்திசாலி, என் முதுகுப்பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் ஓவென்று அழுதேன்.

"விடட்டுமா மாமா?" என்றான்.

"இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சுக்கோ" என்றேன். நான் சொன்னது அவனிடம் மட்டும் அல்ல.