எட்டே முக்கால் ரூபாய்

ரூபாய் விலை ஏறிய வருஷம் நாங்கள் மலாயாவில் கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அதற்கு முன்பெல்லாம் இங்கத்துக் காசில் ஒரு வெள்ளி கட்டினால் ஊரில் ஒன்றே முக்கால் ரூபாய் கொடுப்பார்கள். திடீரென்று ஒரு வெள்ளிக்கு ஒரு ரூபாய்கூட முழுசாக வரவில்லை. எங்கோ யாரோ கூட்டிக் குறைத்துவிட்டார்களாம். நான் சீவிய மரம் அதே மரம், வாளி அதே வாளி, கங்காணியின் வாய் மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது.

இந்தச் சேதியை எனக்குக் கொண்டுவந்தவன் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். தோட்டத்து மாட்டுவண்டியில் ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை ஈப்போவுக்குப் போவான். இரண்டு மாதத்துக்கொரு தடவை அவனிடம் பத்து வெள்ளி கொடுப்பேன். ஈப்போவில் வட்டிக்கடைச் செட்டியார் கிட்டங்கியில் கட்டி ஊருக்கு அனுப்புவான். ஊரில் என் தங்கைக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தாலிக்கும் கூறைப் புடவைக்கும் நூறு ரூபாய் சேர்ந்துவிட்டால் தையில் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் பத்து வெள்ளிக்கு எட்டே முக்கால் ரூபாய்தான் போய்ச் சேர்ந்தது. தை ஆவணியானது. ஆவணி மறுபடி தையானது.

"இன்னும் எறங்கலையா மச்சான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"எங்க எறங்குது? போன வாரம் இருந்த மாதிரியேதான் இருக்கு லா" என்பான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊர்க் கடிதங்கள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் எல்லாரும் கூடுவார்கள். அவரவர் கடிதத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும், ஒளிவு மறைவு கிடையாது. ரூபாய் விலையும் என்னிடம்தான் கேட்பார்கள். மச்சான் சொன்னதை நான் பெரிய மனுஷன் தோரணையில் எடுத்துச் சொல்வேன். அதை நம்பி அவர்கள் பணம் அனுப்பாமல் முடிந்து வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் என் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் சீராக மச்சான் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தான், கன்றோடு. லயமே வாயைப் பிளந்தது. பெருமை தாங்காமல் அன்றே ஊருக்குக் கடிதம் எழுதினேன். வண்டிக்காரன் சம்பளத்தில் பசு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பால் நன்றாக இருந்தது, குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடிதங்கள் ஒரே கப்பலில் வந்திருந்தன. ஒன்று எனக்கு, ஒன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அக்காவின் அப்பா ஊரில் முன்பே தவறியிருந்தார். கருமாதிச் செலவுக்கு விலை இறங்கும்வரை காத்திருக்க முடியாது என்று அக்காவே கோப்பெங்குக்கு நடந்துபோய்த் தபாலாபீசில் பத்து வெள்ளி கட்டியிருந்தார். என் கடிதத்தை முதலில் படித்தேன். பத்து வெள்ளிக்கு எட்டே முக்கால் ரூபாய் வந்து சேர்ந்தது. பிறகு அக்காவுடையதைப் படித்தேன். பத்து வெள்ளிக்குப் பதினேழரை ரூபாய் வந்து சேர்ந்தது.

"இன்னொருக்க படி தம்பி" என்றார் அக்கா.

படித்தேன். பதினேழரையில் பாதி எட்டே முக்கால். அங்கிருந்த யாருக்கும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. விலை எப்போதோ இறங்கிவிட்டது. அதன் பிறகு மச்சான் ஒவ்வொரு தடவையும் ஐந்து வெள்ளிதான் கட்டியிருக்கிறான். அத்தனை பேர் முன்னால், என் வாயாலேயே என் ஏமாளித்தனத்தைப் படித்துக் காட்டினேன்.

மச்சானைத் தேடி எழுந்தேன். மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒங்க சம்பாத்தியம் பூரா கப்பலேறிப் போவுது. எம் புள்ள வாயில ஒரு சொட்டுப் பால் வேணாமா?"

மச்சான் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன், அவனோடு நான் குடித்தனம் நடத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் "பாவம் ஒங்க தங்கச்சி" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சுவிட்டவள் இவள். அந்தப் பெருமூச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த சம்பளத்தை நானே கோப்பெங்குக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். அது ஊர் போய்ச் சேருமுன்பே தங்கையின் கடிதம் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் சொல்லி எழுதியிருந்தாள். வழக்கம்போல எல்லாரும் கூடியிருந்தார்கள். மடித்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. உரக்கப் படித்தேன்.

"அண்ணா, மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். தாங்கள் வருத்தப்பட வேண்டாம். ரூபாய் விலை ஏறினால் தாங்கள் என்ன செய்ய முடியும்? வீட்டுக்குப் பசு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மருமகனுக்குப் பால் கிடைப்பது கேட்டு மனம் நிறைந்தது. அண்ணிக்கு என் நமஸ்காரம்."

மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பதில் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் நினைத்தேன். உன் அண்ணியும் அவள் அண்ணனும் உன் தாலியைப் பசுவாக்கிக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தாளில், ரூபாய் விலை போன வாரம்தான் இறங்கியது என்று எழுதி ஒட்டினேன்.